கல்லில் மிஞ்சிய மிளகு

ஒண்டிக்கடை முக்கில் கோவிந்தராஜின் மளிகைக் கடையில் கண்ணாயி சோப்பும் வரமிளகாயும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேச்சு வந்தது.

"ஏனுங்கம்மா, இந்த வருசம் ஊறுகாய் பெருசாப் போடறீங்களாட்ட இருக்குது?"

கோவிந்தராஜ் சேலத்துக்காரர். மலையேறி வந்து கடை போட்டுப் பல வருடமாகியும் மலைக்காரர்களின் வீட்டு விவகாரம் கேட்பதில் அவருக்கு இன்னும் அலுப்புத் தட்டவில்லை. சாமான் கட்டும் கை ஒரு பக்கம் ஓடும், காது இன்னொரு பக்கம் நீளும்.

"ஊறுகாயா? ஆருங்க சொன்னது?"

"உங்க ஊட்டுக்காரருதானுங்க. போன வாரம் கல்லுப்பு வாங்கிட்டுப் போனாரு. அதுக்கு முந்தின வாரமும் வாங்குனாரு. எதுக்குங்க இத்தனைன்னு கேட்டேன். ஊறுகாய்க்குன்னாரு."

கண்ணாயி ஒரு நொடிதான் திகைத்தாள். வீட்டு ஓட்டையை ஒண்டிக்கடையில் காட்டுகிற பெண் அல்ல அவள்.

"ஆமாங்க. எலுமிச்சை நெறயக் காச்சுக் கெடக்குது. உட்டா வீணாப் போயிருமில்லீங்களா?"

அவர்கள் வீட்டுக் கொல்லையில் இருந்தது ஒரே ஒரு எலுமிச்சை மரம். அதில் அந்த வருடம் எறும்புப் புற்றைத் தவிர ஒன்றும் காய்க்கவில்லை.

மாரமங்கலம் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து அவள் உப்பையே நினைத்துக்கொண்டு வந்தாள். ஆண்பிள்ளைக்கு உப்பு எதற்கு? காட்டுப் பன்றி எதையாவது அடித்து உப்புக்கண்டம் போடுகிறானா? அங்கப்பன் அப்படிப்பட்டவன் இல்லை, கோழி அறுப்பதற்கே பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுகிறவன். யோசித்துக்கொண்டே போனால் மிச்சமிருப்பது ஒரு வழிதான். உப்பு இன்னொரு அடுப்பங்கரைக்குப் போகிறது. மார்கழிப் பனி கண்ணாடி இல்லாத சன்னல் வழியாக முகத்தில் அடித்தது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பல்லைக் கடித்தபடி இருந்தாள்.

அங்கப்பன் எப்போதுமே அதிகம் பேசாதவன். மூன்று வருடத்துக்கு முன் பையன் போனதிலிருந்து இருந்த பேச்சும் நின்றுபோனது. பொன்னனுக்கு அப்போது எட்டு வயது. காய்ச்சல் கண்டு, சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போகும்போது, பஸ் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டுவதற்குள் அவன் அம்மா மடியிலேயே அடங்கிவிட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் பேரைச் சொல்வதில்லை. சொல்லக்கூடாது என்று கண்ணாயி ஒருநாள் சொன்னாள், அங்கப்பன் தலையாட்டினான். அவ்வளவுதான் ஏற்பாடு.

இந்த மார்கழியில் அவன் விடியுமுன்பே எழுந்து பள்ளத்துக் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். வீட்டுக்கு மேலே ஒரு காடு, கீழே ஒரு காடு. இரண்டிலும் காப்பிதான். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். பள்ளத்துக் காடு நிழல் அதிகம், ஈரம் அதிகம், பழம் அதிகம். அந்த வருடம் செடி கொள்ளாமல் காய்த்துச் சிவந்து நின்றது.

அன்று சாயங்காலம் ராகிக் களியை உருண்டை பிடித்து வைத்துவிட்டுக் கண்ணாயி பேச்சை எடுத்தாள். உப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. சந்தேகப்படுகிறவள் முதல் கேள்வியிலேயே கையில் இருப்பதைக் காட்டிவிடுவாளா?

"பள்ளத்துல பழம் பழுத்து உழுவுது. நாளைக்குப் பறிக்க ஆள் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம்."

"ஏனுங்க வேண்டாம்?"

"கொஞ்ச நாள் போகட்டும்."

"கொஞ்ச நாள் போனா மண்ணுலதான் பொறுக்கோணும். மேலே காட்டுப் பழம் களத்துல பாதி கூட ரொம்பல. பள்ளத்த நம்பித்தான இந்த வருசம் சோறு."

அங்கப்பன் களியைக் கீரைக் குழம்பில் தோய்த்து விழுங்கினான்.

"கனவுல சாமி வந்துச்சு புள்ள."

"எந்தச் சாமி?"

"நம்ம மலைச் சாமிதான். பள்ளத்துக் காட்டுல கொஞ்ச நாளைக்கு ஆள் சத்தம் கூடாதுன்னுச்சு."

"எங்க மாமனாரு காலத்துலருந்து பள்ளத்துல ஆள் சத்தம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. இப்பத்தான் சாமிக்குக் காது வலிக்குதுங்களா?"

"கிண்டல் பண்ணாத."

"சாமி என்ன ரூபத்துல வந்துச்சுங்க? ஆம்பளயா, பொம்பளயா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் எதைக் கேட்கிறாள் என்று அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டான். குற்றமுள்ள மனசு எழுந்து ஓடுகிறது என்று கண்ணாயி முடிவு கட்டினாள்.

மறுநாள் அவனுடைய அண்ணன் குழந்தைவேல் பாதையில் எதிர்ப்பட்டார். தலையில் விறகுக்கட்டு. அதை இறக்கி வைக்காமலே நின்று பேச அவரால் முடியும், பேசுகிற விஷயம் ருசியாக இருந்தால்.

"என்ன அம்மிணி, பள்ளத்துல இன்னும் கை வைக்கலயா?"

"உங்க தம்பி வேண்டாம்ங்கறாரு மாமா. சாமி சொல்லுச்சாமா."

"சாமியா?" குழந்தைவேல் பாரத்தோடு தலையை ஆட்டாமல் சிரித்தார். "நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். பொழுது சாயறப்ப கையில பொட்டணத்தோட பள்ளத்துல எறங்கறான், வெளிச்சம் வரதுக்கு முந்தி மறுபடியும் எறங்கறான். பள்ளத்துக்கு அந்தாண்ட என்ன இருக்குது? எஸ்டேட் லைன். லைன்ல கடேசி ஊட்டுல ஆரு தனியா இருக்கறா? நான் ஒண்ணும் சொல்லலம்மா. எனக்கெதுக்கு ஊர் வம்பு?"

ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவர் மேட்டில் ஏறிப் போனார்.

எஸ்டேட் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் தனியாக இருந்தவள் இன்பமேரி. எஸ்டேட்டில் பழம் பறிப்பவள். புருசன் லாரியில் அடிபட்டுச் செத்த பிறகும் எஸ்டேட் கணக்குப் பார்க்கிற ரைட்டர் அவளை லைன் வீட்டிலிருந்து காலி பண்ணச் சொல்லாததால் ஏற்கனவே ஊரில் அவள்மேல் ஒரு பேச்சு உண்டு. ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போய்த் திரும்பும் நேரம் பார்த்துக் கண்ணாயி பள்ளத்தைச் சுற்றி, ரோட்டு வழியாகவே அங்கே போனாள். இன்பமேரி வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. அதிசயமா இருக்குது?"

"பழம் பறிக்க ஆள் வேணும். அதான் உன்னையக் கேட்டுட்டுப் போலாம்னு."

"எஸ்டேட்லயே ஆள் பத்தலீங்கக்கா. பொங்கல் வரைக்கும் எங்கயும் உட மாட்டாங்க."

கண்ணாயியின் கண் வீட்டுக்குள் அடுப்பங்கரையைத் துழாவியது. தன் புருசனின் துண்டு, சட்டை, பீடிக்கட்டு ஒன்றும் தட்டுப்படவில்லை. பீடி அங்கப்பன் குடிப்பதில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

"வந்தது வந்துட்டேன். கொஞ்சம் உப்பு குடேன். எங்க ஊட்டுல தீந்துபோச்சு."

இன்பமேரி உள்ளே போய்க் கொட்டாங்குச்சியை எடுத்துவந்து காட்டினாள். அடியில் ஒரு சிட்டிகை ஒட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கே இதான் இருக்குது. சம்பளத்தன்னிக்குத்தான் வாங்கோணும். இத வேணும்னா எடுத்துக்கங்க." கொட்டாங்குச்சியை நீட்டிய கை பாதியில் நின்றது. அவள் கண்ணாயியின் கண் போன இடங்களை இப்போதுதான் திரும்பப் பார்த்தாள். "ஒரு சிட்டிகை உப்பு இரவல் வாங்கவாக்கா இத்தனை தூரம் சுத்திக்கிட்டு வந்தீங்க?"

கண்ணாயி முறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்க கொழுந்தன், மூத்தார்னு யாராவது சொல்லியிருப்பாங்க. சொல்லட்டும். நான் மாதா கோயில்ல முட்டி போட்டுட்டு இப்பத்தான் வந்தேன், பொய் சொல்ல மாட்டேன். உங்க ஊட்டுக்காரர நான் பாத்திருக்கறேன். வெறகுக்கு வரப்ப, பள்ளத்துல பலா மரத்தடியில. ஒக்காந்து பேசிக்கிட்டிருந்தாரு."

"ஆருகூட?"

"அதாங்கக்கா எனக்குத் தெரியல. ஆளே காணோம், பனிதான் இருந்துச்சு. ஆனா பேசுனது சின்னப் புள்ளகிட்டப் பேசற மாதிரி இருந்துச்சு. கண்ணு, சாமின்னு கொஞ்சிக்கிட்டு. எனக்குப் பயமாப் போச்சு. சிலுவை போட்டுக்கிட்டு ஓடியாந்துட்டேன். அதுலருந்து அந்தப் பக்கம் வெறகுக்கே போறதில்ல."

கண்ணாயி ரோட்டு வழியாகவே திரும்பி நடந்தாள். இன்னொருத்தி என்றால் மயிரைப் பிடித்து இழுத்து நாலு வார்த்தை கேட்கலாம். இன்னொரு பிள்ளை என்றால் யாரை என்ன கேட்பது? தன் மடியில் ஒன்று செத்தது, அவனுக்கு எங்கோ ஒன்று உயிரோடு இருக்கிறது. கொஞ்சுவதற்கு அவனுக்கு ஒரு பிள்ளை கிடைத்துவிட்டது. நடுப்பாதையில் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த விடியலில் அவன் கிளம்பியதும் அவளும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள். விளக்கு எடுக்கவில்லை. வாழ்க்கைப்பட்டதிலிருந்து நடக்கிற பாதைக்கு விளக்கு எதற்கு? மூட்டம் இடுப்புயரத்துக்குக் கிடந்தது. காப்பி இலைகளிலிருந்து சொட்டுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. பழுத்த பழம் காலடியில் நசுங்கியது. வீணாகப் போகிற சோறு, என்று அந்த நேரத்திலும் அவள் மனம் கணக்குப் பார்த்தது.

பலா மரத்தடியில் ஒரு தட்டைக் கல் உண்டு. பறிக்கிற காலத்தில் கூடை இறக்கி வைக்கிற கல். அங்கப்பன் அதற்குச் சற்றுத் தள்ளி வேர் மேல் குந்தியிருந்தான். அவள் ஒரு சில்வர் ஓக்கின் பின்னால், மிளகுக்கொடியோடு ஒண்டி நின்றாள். வேறு யாரும் இல்லை. இன்னும் வரவில்லை போல என்று காத்திருந்தாள்.

வெளுப்பு வந்தபோது கல்லின் மேல் இருந்தது தெரிந்தது. வெள்ளையாக உப்பு, அதன் மேல் கறுப்பாக மிளகு. மே மாதத் திருவிழாவில் மலை உச்சிக் கோயிலில் எல்லோரும் கொட்டுவதுதான். நோய் நொடி போக, நேர்ச்சை தீர, சாமிக்கு உப்பும் மிளகும் போடுவார்கள். இங்கே எந்தச் சாமி இருக்கிறது என்று அவள் யோசிக்கும்போதே கீழ்ப்பக்கக் காப்பிச் செடிகள் காற்றில்லாமல் ஆடின.

முதலில் ஒரு பாறை நகர்கிறது என்றுதான் நினைத்தாள். பிறகு மூச்சு கேட்டது. காட்டெருமை. ஒற்றை, கிழட்டு ஆண். முதுகு மேடு செடிகளுக்கு மேலே கறுப்பாக எழுந்து வந்தது. நெற்றி சாம்பல், கொம்பு நுனி ஒரு பக்கம் உடைந்திருந்தது. கால்கள் மட்டும் முழங்காலுக்குக் கீழே வெளுத்து, அந்த உடம்புக்குச் சம்பந்தமில்லாதவை போல் இருந்தன. ஒரு முட்டு முட்டினால் அங்கப்பன் பலா மரத்தோடு சேர்ந்து ஒட்டிக்கொள்வான். கத்தினால் மிரண்டு பாயும் என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

எருமை கல்லண்டை வந்து தலையைத் தாழ்த்தியது. நாக்கு கல்லை உரசுகிற சத்தம் அவள் நின்ற இடம்வரை கேட்டது. அங்கப்பன் அசையாமல், மெதுவாகப் பேச ஆரம்பித்தான்.

"இன்னிக்கு நேரமாயிருச்சா கண்ணு? பனி நொம்ப. எனக்கே கால் விறைச்சுப் போச்சு. உங்கம்மா பழம் பறிக்கோணும்ங்கறா. கோவமா இருக்கறா. எத்தன நாளைக்குச் சமாளிக்கறது, சொல்லு சாமி."

உங்கம்மா.

கண்ணாயிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வேறு பெண்ணும் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. அடுத்த மூச்சில் அந்தச் சிரிப்பு அப்படியே கோபமாக மாறியது. என் பிள்ளையை இந்த எருமையாக்கி வைத்திருக்கிறானா? இதற்கு நான் அம்மாவா? மனிதனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, ஊர் சிரிக்கப் போகிறது, பழம் மண்ணில் போகப் போகிறது.

எருமை நக்கி முடித்துத் தலையை உயர்த்தி, அவள் நின்ற மரத்தையே பார்த்தது. அந்தப் பார்வையில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு மிருகம் மோப்பம் பிடிக்கிறது, அவ்வளவுதான். பிறகு வந்த வழியே இறங்கிப் போனது. அங்கப்பன் எழுந்து கல்லைக் கும்பிட்டான். ஈரக் கல்லில் உப்பு ஒரு பரல்கூட இல்லை. மிளகு மட்டும் எச்சிலோடு மிஞ்சிக் கிடந்தது. அதைக் கூட்டி எடுத்துத் துண்டு முனையில் முடிந்துகொண்டான்.

அதைப் பார்த்ததும் கண்ணாயிக்கு இன்னொன்றும் உறைத்தது. இரண்டு மூன்று வாரமாக "காட்டுல உதிந்து கெடந்துச்சு" என்று அவன் கொண்டுவந்து கொடுத்த மிளகு இதுதான். கழுவி, உலர்த்தி, தட்டி, அவள் ரசம் வைத்திருக்கிறாள். இருவரும் ஊதி ஊதிக் குடித்திருக்கிறார்கள்.

மேல் பாதை வழியாக அவனுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்துவிட்டாள். ஒன்றும் தெரியாதவளாக அடுப்பு மூட்டினாள். எந்தச் சாமி உப்பைத் தின்றுவிட்டு மிளகை மிச்சம் வைக்கும்? அவர்கள் வீட்டுச் செவலைப் பசுவே உப்புக்கு எவ்வளவு தூரமும் வருமே. இதை அவனிடம் வாயால் சொன்னால் நம்பமாட்டான். கண்ணால் காட்ட வேண்டும்.

அவன் முந்தின நாள் பொழுது சாயும்போதே உப்பையும் மிளகையும் வைத்துவிட்டு வருகிறான் என்று கண்டுகொண்டாள். அன்று அவன் திரும்பி வந்து மாட்டுக்குச் சோளத் தட்டு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவள் கீழே இறங்கி, உப்பை முழுக்க வாரி, கல்லைக் கழுவி, மிளகை மட்டும் திரும்பக் குவித்து வைத்தாள். மறுநாள் விடிந்து வெகுநேரம் கழித்து அங்கப்பன் திரும்பினான். காப்பித் தண்ணியை வாங்கிக் குடிக்காமல் வைத்தான். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவன் களியைத் தொடவில்லை. கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான்.

ஜெயித்துவிட்டோம் என்று கண்ணாயி நினைத்தாள். ஆனால் ஜெயித்த மாதிரி இல்லை. பையனைப் புதைத்துவிட்டு வந்த அன்றும் அவன் இதே சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தான்.

மறுநாள் மேல் காட்டில் விட்டுப்போன பழம் பறிக்க இருவரும் போனார்கள். ஒரே செடிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று பறிப்பது அவர்கள் வழக்கம். செடி ஆளுயரம், இலை அடர்த்தி. ஒருவர் கை இன்னொருவருக்குத் தெரியும், முகம் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அவர்களுடைய பேச்சுவார்த்தை பெரும்பாலும் செடிக்குக் குறுக்கேதான் நடந்திருக்கிறது.

"மூணு நாளா அது வரலீங்களா?" என்றாள்.

எதிர்ப் பக்கத்துக் கை நின்றது.

"நான் பாத்தேன். பின்னாலயே வந்து மரத்து மறவுல நின்னு பாத்தேன். நீங்க என்ன பேசுனீங்கன்னும் கேட்டேன். அது சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உப்புக்கு வருது. நான்தான் உப்ப எடுத்துட்டு மிளக மட்டும் வெச்சேன். அதான் வரல."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். பழம் கூடையில் விழுகிற சத்தம் மறுபடி கேட்டது.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"உப்புக்குத்தான் வருதுன்னு தெரியும். சின்னதுலருந்து மாடு மேச்சவன் நான், எனக்குத் தெரியாதா புள்ள? உப்பு எடுத்தது நீன்னு தெரியாது, பனியில கரைஞ்சு போச்சுன்னு நெனச்சேன். அதுக்கு என்னமோ ஆயிருச்சு, ஆராவது சுட்டுட்டாங்கன்னு பயந்துட்டேன்."

"தெரிஞ்சா எதுக்கு இந்தக் கூத்து? எதுக்குச் சாமின்னு பொய் சொன்னீங்க?"

"உன்கிட்ட பையன் பேரு சொல்ல வாய் வரல. அதான் சாமின்னேன்." கொஞ்ச நேரம் கிளையை வளைத்துப் பறித்தான். "கார்த்திகைல ஒரு நாள் கனவு கண்டேன். அவன் அந்தக் கல்லாண்ட நிக்கறான். கையில உப்பு வெச்சிருக்கறான். நம்ம செவலைக்குக் குடுப்பானே, உள்ளங்கைய நீட்டிக்கிட்டு, நாக்கு கூசுதுன்னு சிரிச்சுக்கிட்டு, அப்படி. கறுப்பா ஏதோ நக்குது. மொகம் நல்லாத் தெரிஞ்சுது. உழுந்த பல்லு, நெத்தியில முடி, எல்லாம். எந்திரிச்சு உக்காந்து அழுதேன். நீ தூங்கிக்கிட்டிருந்த."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"நேர்ச்சை மாதிரி உப்பு மிளகு கொண்டுபோய் வெச்சேன், அவ்வளவுதான். எருமை வரும்னு நெனச்சு வெக்கல. ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா நின்னுக்கிட்டிருக்குது. கனவுல வந்த மாதிரியே நக்குது. அது நக்கறதப் பாக்கறப்ப..." அவன் இன்னொரு கிளையை வளைத்தான். "எனக்கு மொகம் மறந்துபோச்சு கண்ணாயி. ஒரு வருசத்துக்கு மேலயே. பேரு இருக்குது, மொகம் இல்ல. எவ்வளவு நெனச்சாலும் வரமாட்டேங்குது. அது வந்து நிக்கறப்ப மட்டும் வருது. சாமியோ மாடோ, எனக்கு என்ன? உப்புக்கு வந்தா வந்துட்டுப் போகட்டும்."

பொன்னனுக்குப் போட்டோ கிடையாது. கடைசித் திருவிழாவில் மலை உச்சியில் மயில் வரைந்த திரைக்கு முன்னால் ஒருவன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். பையன் ஆசைப்பட்டுக் கையைப் பிடித்து இழுத்தான். வெயிலாக இருக்கிறது, பஸ் போய்விடும், அடுத்த வருசம் எடுக்கலாம் என்றது அவள்தான்.

இப்போது அவள் பறிப்பதை நிறுத்திவிட்டுத் தேடினாள். தலைச் சுழி வந்தது. முழங்கால் சிராய்ப்பு வந்தது. பலாப் பால் ஒட்டிய விரல் வந்தது. பஸ்ஸில் மடியில் கனத்த கனம்கூட வந்தது. முகம் வரவில்லை. வரவில்லை என்று இத்தனை நாள் தனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. பேரைச் சொல்லக்கூடாது என்று வாயை அடைத்தபோது முகமும் சேர்ந்து போய்விட்டதா? இலைகளுக்கு நடுவே கையை விட்டு எதிர்ப் பக்கத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் இல்லீங்க" என்றாள். "எனக்கும் வரல."

அதற்கடுத்த விடியலில் இருவருமாகப் போனார்கள். அவளே உப்பை வைத்தாள், தாராளமாக. எருமை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, ஆள் இரண்டாக இருப்பதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் தயங்கி நின்று, பிறகு நக்கியது. கண்ணாயி இமைக்காமல் பார்த்தாள். உடைந்த கொம்பு தெரிந்தது, நாக்கு தெரிந்தது, காதில் ஒட்டியிருந்த உண்ணி தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"உங்களுக்கு வந்துச்சுங்களா?" என்று திரும்பும்போது கேட்டாள்.

"வந்துச்சு."

"நெசமாவா?"

"பொய் சொல்லி எனக்கு என்ன வரப்போகுது?"

அவள் அதை முழுதாக நம்பவில்லை. இத்தனை நாள் மூன்று பொய் சொன்னவன் நாலாவதும் சொல்லலாம். பையன் அப்பனுக்கு மட்டும் முகத்தைக் காட்டுகிறான், பெற்றவளுக்குக் காட்டமாட்டேன் என்கிறானா? போட்டோ எடுக்கவிடாததற்குப் பழி வாங்குகிறானா? செத்த பிள்ளைமேல்கூட அவளுக்குச் சந்தேகம் வந்தது. வாய்விட்டுத் திட்டினாள். பேரைச் சொல்லியே திட்டினாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தப் பேர் அந்தக் காட்டில் கேட்டது. அங்கப்பன் முன்னால் நடந்தான்.

பள்ளத்துக் காட்டில் பறிப்பு ஆரம்பித்தார்கள். வெயில் ஏறிய பிறகு உள்ளே இறங்குவது, மூட்டம் கட்டுமுன் ஏறிவிடுவது, பலா மரத்தைச் சுற்றியிருக்கிற செடிகளைத் தொடாமல் விடுவது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கூலி ஆள் வைக்கவில்லை. மண்ணில் உதிர்ந்ததைக் கண்ணாயி குனிந்து குனிந்து பொறுக்கினாள். பாதிதான் தேறியது. குழந்தைவேல் பாதையில் நின்று, "என்ன அம்மிணி, சாமி உத்தரவு குடுத்துருச்சா?" என்று கேட்டார். "குடுத்துருச்சுங்க மாமா. உங்களயும் விசாரிச்சுச்சு" என்றாள். அவர் விறகுக்கட்டோடு வேகமாகப் போய்விட்டார்.

ஒரு மதியம் அவள் தனியாகக் களத்தில் பழத்தைப் பரப்பிக்கொண்டிருந்தாள். செவலைப் பசு கயிற்றின் நீளத்துக்குக் கழுத்தை நீட்டி அவள் கையை நக்க வந்தது. காலையில் கல்லில் வைத்த உப்பு விரலில் ஒட்டியிருந்தது போலும். சொரசொரப்பான நாக்கு உள்ளங்கையில் பட்டதும் கூசியது. கூச்சத்தில் தன்னையறியாமல் சிரித்தாள். சிரித்தபோது, தேடாமலே, அந்த முகம் வந்தது. விழுந்த பல்லோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நெற்றியில் முடியோடு.

கண்ணைத் திறந்தால் போய்விடும் என்று பயந்து, வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு, பசு நக்கி முடிக்கும்வரை கையை நீட்டியபடியே நின்றாள்.

மறுவாரம் ஒண்டிக்கடையில் அவள் கல்லுப்பு கேட்டபோது கோவிந்தராஜ் தராசை எடுக்காமல் அவளையே பார்த்தார்.

"மறுபடியும் உப்பா? எலுமிச்சை இன்னுமா காச்சுக்கிட்டிருக்குது?"

"ஆமாங்க. நிக்கவே மாட்டேங்குது."

"ஊட்டுல இருக்கறது ரெண்டே பேரு. இத்தனை ஊறுகாய ஆருங்கம்மா திங்கறது?"

அவள் பையை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

"பொன்னனுக்குங்க" என்றாள்.

கோவிந்தராஜுக்கு அந்தப் பேர் தெரியும். பையனுக்கு அவர் கடலை மிட்டாய் கொடுத்திருக்கிறார். சாவுக்கு மாலையோடு வந்தும் இருக்கிறார். உப்பை நிறுத்துக் கொட்டினார். அவள் பஸ் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து, பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளும்வரை கடைக்குள்ளிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். மண்டை குழம்பிவிட்டதா என்ற சந்தேகம் அவருக்கு. ஆனால் அவள் நன்றாகத்தான் இருந்தாள், கண்டக்டரிடம் மாரமங்கலத்துக்கு ஒரு டிக்கெட் கேட்டு வாங்கினாள்.